ஊர்ப் பெயர் கிடைக்காத வைன்

ரோஷ்மோர்
14 ஜனவரி 2025

பெரின் அக்காவுக்கு,

சுவைக் குழுவின் முடிவு இன்று காலை தபாலில் வந்தது. என் ஷார்தொனே வெள்ளை வைனின் மீது மோர்வினி என்ற ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்ள அனுமதி இல்லையாம். காரணமாக எழுதியிருப்பது இவ்வளவுதான்: கந்தக நாற்றம், மூடிக்கிடக்கும் சுவை, இந்த ஊர் வெள்ளை வைனின் இயல்பு இதில் இல்லை.

அம்மாவின் வெள்ளைச் சரிவில், அம்மா கையால் நட்ட கொடியில் விளைந்த பழத்துக்கு இந்த ஊரின் இயல்பு இல்லை. சரி. அப்படியானால் எந்த ஊரின் இயல்பு இருக்கிறது என்று அவர்கள் சொல்லியிருக்கலாம். அங்கே போய்க் குடியேறியிருப்பேன்.

குழுவில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று எழுதுவதில்லை. ஆனால் நீ பல வருஷமாக அந்தக் குழுவில் இருக்கிறாய். நேராகக் கேட்கிறேன். அன்று நீ இருந்தாயா? என் குவளை உன் முன்னால் வந்ததா? "வேண்டாம்" என்று எழுதியபோது அது என்னுடையது என்று உனக்குத் தெரியுமா?

வைனை விற்க முடியாதே என்று நான் அழவில்லை. பெயர் இல்லாத வெள்ளை வைனாகவும் விற்கலாம், குடிக்க ஆள் இருக்கிறது. பிரச்சினை வேறு என்பது உனக்கும் தெரியும். ஊர்ப் பெயர் பெற்ற வைன் கையில் இல்லாதவனுக்கு நம் திராட்சைக்காரர் சங்கத்தில் வாக்கு கிடையாது, தீர்மானம் கொண்டுவரவும் உரிமை கிடையாது. மே மாதக் கூட்டத்தில் நான் கொண்டுவர இருந்த தீர்மானம் இதுதான்: அறுவடைக்கு ஆள் கூட்டி வருகிற ஒவ்வொருவரும் அந்த ஆட்களுக்குக் கூரையும் கட்டிலும் குடிதண்ணீரும் கொடுக்க வேண்டும், கால்வாய்க் கரையில் கூடாரத்தில் போடக் கூடாது. ஒரு வைன் மறுக்கப்பட்டதில் அதுவும் சேர்ந்து செத்துவிட்டது. சிலருக்கு இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பார்.

2022 செப்டம்பரை நான் மறக்கவில்லை. பழம் பறிக்க வந்த டிரிஸா நம் கொடிகளுக்கு நடுவில் வெயிலில் சுருண்டு விழுந்தார். "வரிசைய முடிச்சிட்டு வாங்க, அவர அப்புறம் பாக்கலாம்" என்றான் ஆள் கூட்டி வந்த அந்தக் கான்ட்ராக்டர். அத்தான் தலையாட்டினார். நீ பழக்கூடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் தனியாகத்தான் அவரை நிழலுக்குத் தூக்கிப் போனேன். அன்று சாயங்காலமே அம்மாவின் சரிவில் என் பங்கைப் பிரித்துக் கேட்டேன்.

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். எழுது. எழுதும்போது பொய் சொல்வது உனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.

லாஸார்


மோர்வினி
18 ஜனவரி 2025

அன்புள்ள லாஸார்,

குழுவில் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது. சொல்கிறேன்.

அன்று நான் இருந்தேன். அந்த இடம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. வெள்ளை விளக்கு, தடுப்பு வைத்த சிறிய மேசைகள். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. காலையில் காப்பி குடிக்காமல் போக வேண்டும். புட்டிகள் வருவதில்லை, ஊற்றிய குவளைகள்தான் எண் ஒட்டி வரும். ஒவ்வொன்றுக்கும் ஓரிரு நிமிஷம். மோந்து, குடித்து, துப்பி, எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும்.

அன்று ஒரு குவளையில் நான் உன்னைக் கண்டுபிடித்தேன். நடுவில் வந்தது. நிறம் வெளிறிய வைக்கோல். முதலில் எலுமிச்சைத் தோல், அப்புறம் வறுத்த ஹேசல் கொட்டை. நாக்கில் வைத்ததும் மழை நனைத்த சுண்ணாம்புக் கல், கடைசியில் ஒரு துளி உப்பு. வெண்ணெய் இல்லை, புதுப் பீப்பாயின் கருகல் இல்லை. அந்த உப்பு வெள்ளைச் சரிவைத் தவிர இந்த ஊரில் எங்கும் வராது, நாம் இரண்டு பேரும் அதில்தானே வளர்ந்தோம். அதைத் துப்பாமல் விழுங்கினேன். இருப்பதிலேயே அதிக மதிப்பெண் போட்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போது, என்னோடு பேசாவிட்டாலும் பயல் நன்றாகச் செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு குவளை இருந்தது. தீக்குச்சி கிழித்த வாசனை, அதன் அடியில் அழுகிய முட்டை. வாயில் பூட்டிய கதவு. யோசிக்காமல் "வேண்டாம்" என்று எழுதினேன்.

உன் கடிதம் வந்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நான் மறுத்ததுதான் உன்னுடையது. வேறு எதுவும் கந்தக நாற்றத்துக்காக அன்று மறுக்கப்படவில்லை. ஆக, தெரிந்து செய்யவில்லை. தெரிந்து செய்திருந்தால் கூடச் சமாதானமாக இருந்திருக்கும் போல. தம்பியின் வைன் என்று எதையோ கொஞ்சிவிட்டு, தம்பியின் வைனைத் தள்ளிவிட்டேன்.

டிரிஸா விழுந்த அன்று நான் கூடையைப் பார்த்தேன் என்கிறாய். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு வரவில்லை.

பெரின்


ரோஷ்மோர்
20 ஜனவரி 2025

அக்கா,

பிரமாதம். என்னை மறுத்தது கூட எனக்கு வலிக்கவில்லை. யாரையோ நான் என்று நினைத்து விழுங்கினாய் பார், அதுதான் வலிக்கிறது.

அது யாருடையது? கண்டுபிடித்து எழுது.

லாஸார்


மோர்வினி
25 ஜனவரி 2025

அன்புள்ள லாஸார்,

கண்டுபிடித்துவிட்டேன். எழுதாமலே விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன்.

புதன்கிழமை, திராட்சைக்காரர்களின் காவலரான புனித வின்சென்ட் விருந்து. நீ வரவில்லை என்பதை எல்லோரும் கவனித்தார்கள், யாரும் சொல்லவில்லை. வழக்கம் போல அவரவர் தங்கள் புட்டிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போய் அடுத்தவருக்கு ஊற்றினார்கள். நத்தை வந்தது, ஹாம் வந்தது. பாலாடைக்கட்டித் தட்டு வருவதற்கு முன்னால் கூர்த்வோ எங்கள் மேசைக்கு வந்து எனக்கு ஊற்றினார். மூக்குக்குக் கொண்டுபோனேன். எலுமிச்சைத் தோல், ஹேசல் கொட்டை. குடித்தேன். கல், உப்பு. அதே குவளை.

என் முகம் மாறியிருக்க வேண்டும்.

"என்னம்மா பெரின், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு? நல்லால்லியா?" என்றார்.

நன்றாகத்தான் இருக்கிறது, எங்கே பறித்தது என்று கேட்டேன்.

"உங்கம்மா மதில் இருக்குல்ல, அதுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் உன் தம்பி கல்லு பொறுக்கிட்டிருப்பான், பாத்திருப்பியே. ஏசு சாமிக்கு வைன் காய்ச்சுறவன் மாதிரியே ஒரு மூஞ்சி."

மேசையே சிரித்தது. உன் அத்தான் ஆன்செல்மும் சிரித்தார். நான் சிரித்தேனா என்று நீ கேட்பாய். குவளையை வாயில் வைத்துக்கொண்டேன்.

உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். கால்வாய்க் கரையில் கூடாரம் போட்டவர் அவர். அந்தக் கான்ட்ராக்டரை இந்த ஊருக்குக் கூட்டி வந்தவர் அவர். அவர் வைனை உன்னுடையது என்று நினைத்து நான் விழுங்கியிருக்கிறேன். அவருடையது நல்ல வைன், லாஸார். அதை மட்டும் என்னால் மாற்றி எழுத முடியாது.

ஒரு உதவி கேட்கிறேன். உன் தொட்டியிலிருந்து இரண்டு புட்டி பிடித்து அனுப்பு. ரொட்டிக்கடை அக்காவிடம் கொடுத்தால் போதும். அன்று ஒரு நிமிஷத்தில் எழுதியதை இந்த முறை அவசரப்படாமல் குடித்துப் பார்க்க வேண்டும்.

பெரின்


ரோஷ்மோர்
29 ஜனவரி 2025

அக்கா,

இரண்டு புட்டி ரொட்டிக்கடையில் இருக்கிறது. உனக்காக அனுப்பவில்லை. அந்த வைனுக்காக.

கூர்த்வோவின் வைன் நல்ல வைனாக இருக்க முடியாது. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன், இது நான் நிஜமாகவே நம்புவது. பயந்துகொண்டு பறித்த பழத்துக்கும் ஒழுங்காகத் தூங்கி எழுந்து பறித்த பழத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. பயந்தவன் எல்லாக் குலையையும் பறிப்பான், அழுகலையும் சேர்த்து. தூங்கி எழுந்தவன் பார்த்துப் பறிப்பான். அநியாயம் எங்கோ ஓரிடத்தில் நாக்குக்குத் தெரிந்தே தீரும். தெரியாவிட்டால் இந்த ருசி பார்க்கிற வேலை எல்லாம் எதற்கு? பணக்காரர்கள் குவளையைச் சுழற்றிச் சுழற்றி எதைத் தேடுகிறார்கள்?

என் வைன் ஏன் மூடிக்கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். பழைய பீப்பாயில் வண்டலோடு விட்டேன், கலக்கவே இல்லை. கலக்கினால் வெண்ணெய் வரும், வெண்ணெய் வந்தால் ஊருக்குப் பிடிக்கும். எனக்கு வேண்டாம். காற்றே படாமல் வண்டலில் கிடந்தால் இந்தத் தீக்குச்சி வாசனை வரும். அது கெட்டுப்போனதன் வாசனை இல்லை, மூச்சுப் பிடித்துக்கொண்டிருப்பதன் வாசனை.

டிரிஸா இப்போது என்னோடுதான் இருக்கிறார், மாடி அறையில். குளிரில் கொடி வெட்டிக்கொண்டிருக்கிறோம். அவர் குடிப்பதில்லை. தொட்டியிலிருந்து பிடித்து நான் மோந்துகொண்டே நின்றால், "நீ மோந்து முடிக்கறதுக்குள்ள நான் எங்க ஊரு பமாகோவுக்குப் போய் சித்தப்பாவ பாத்துட்டு வந்துடுவேன்" என்கிறார். அவர் முன்னால் குவளையைச் சுழற்றவே வெட்கமாக இருக்கிறது.

லாஸார்


மோர்வினி
6 பிப்ரவரி 2025

அன்புள்ள லாஸார்,

சமையலறை ஜன்னல் ஓரம் வைத்துக் குடித்தேன். ஆன்செல்ம் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். யாருக்கும் மதிப்பெண் போட வேண்டியதில்லை என்றால் ருசி பார்ப்பதே வேறு மாதிரி இருக்கிறது.

திறந்த உடன் அதே நாற்றம். அன்று நான் பொய் எழுதவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். அப்படியே விட்டுவிட்டு சூப் வைத்தேன், துணி மடித்தேன். சாயங்காலம் மறுபடி ஊற்றினேன். முட்டை போயிருந்தது, தீக்குச்சி மட்டும் இருந்தது. அதன் பின்னால் பச்சை ஆப்பிளின் தோல் போல ஏதோ ஒன்று, கூப்பிட்டால் வராது, பேசாமல் இருந்தால் வரும்.

மறுநாள் மதியம் தீக்குச்சியும் இல்லை. லாஸார், அதை எப்படி எழுதுவது? அகலமாகவில்லை, ஆழமானது. எலுமிச்சை, ஆனால் பழுத்த எலுமிச்சை. கொட்டையின் பால். ஜூனில் கொடி பூக்கும்போது சரிவில் ஒரு வாசனை வருமே, பெயர் இல்லாத வாசனை, அது. விழுங்கிய பிறகு நான் பாத்திரம் கழுவி முடிக்கும் வரை வாயில் கல்லும் உப்பும் நின்றன. எனக்கு அழுகை வந்தது. வைனுக்காகவா என்று தெரியவில்லை.

இதைக் குழுவின் முன்னால் ஒரு நிமிஷத்தில் வைத்தால் மறுபடியும் மறுப்பார்கள். நான் உட்கார்ந்தாலும் மறுப்பேன். அதனால் உனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். செம்பு. சட்டம் அனுமதிக்கிற அளவுதான், ஒரு தொட்டிக்கு ஒரு சொட்டுச் செம்புக் கரைசல். கந்தக வாசனையைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். வடிகட்டி, மறுபடி அனுப்பு. மார்ச் கடைசிக்குள் அனுப்பினால் ஏப்ரலில் மறு சுவைப் பரிசோதனை உண்டு. மே கூட்டத்துக்கு முன்னால் பெயர் கைக்கு வரும்.

வண்டலையே கலக்காதவனிடம் செம்பு ஊற்றச் சொல்கிறேன் என்று திட்டுவாய். திட்டு. அதற்கு முன்னால் ஒரு வேலை செய். ரொட்டிக்கடையில் இரண்டு புட்டி வைத்திருக்கிறேன், வெள்ளித்தாளில் சுற்றி. ஒன்று உன் இரண்டாவது புட்டி, நேற்றே திறந்து மூச்சுவிட வைத்தது. இன்னொன்று கூர்த்வோ எனக்கு விருந்தன்று கொடுத்தனுப்பியது, அதையும் நேற்றே திறந்துவிட்டேன். எது உன்னுடையது என்று குடித்துவிட்டுச் சொல். அப்புறம் தாளைப் பிரி. உன்னை மடக்க இதைச் செய்யவில்லை. அன்று எனக்கு மட்டும்தான் தெரியாமல் போனதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பெரின்


ரோஷ்மோர்
12 பிப்ரவரி 2025

அக்கா,

இடது பக்கம் இருந்ததைக் குடித்தேன், வலது பக்கம் இருந்ததைக் குடித்தேன். மறுபடி இடது. நிதானமாகத்தான் செய்தேன். ஒன்றில் கொஞ்சம் கூடுதல் இறுக்கம், ஒரு நேர்மை இருந்தது. அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்: நேர்மை. இது நாங்கள் பறித்தது, பார்த்துப் பார்த்துப் பறித்தது, எனக்குத் தெரியாதா. டிரிஸாவைக் கூப்பிட்டு, "இதுதான் நம்மளோடது" என்று சொல்லிவிட்டுத் தாளைப் பிரித்தேன்.

கூர்த்வோவின் பெயர்.

டிரிஸா அந்தப் புட்டியை எடுத்துப் பார்த்தார். அவருக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். "எப்ப அவர்கிட்ட வேலைக்குச் சேர்ந்த? சொல்லவே இல்ல" என்றார். சிரித்தார், அப்புறம் சிரிக்கவில்லை. கொடி வெட்டப் போய்விட்டார்.

 உடனே உனக்கு ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். அதில் நீ புட்டியை மாற்றிச் சுற்றிவிட்டாய் என்று எழுதியிருந்தேன். நீ செய்ய மாட்டாய் என்று தெரியும்.

மதிலுக்கு அந்தப் பக்கமும் அதே சுண்ணாம்பு, அதே சரிவு, அதே காலை வெயில். கொடிக்கு அவ்வளவுதான் தெரியும். யார் கூடாரத்தில் படுத்தார், யாருக்குக் கால்வாய்த் தண்ணீரைக் குடித்து வயிற்றால் போனது என்பதெல்லாம் வேரில் இறங்குவதில்லை. அழுகல் குலையைக் கூர்த்வோ மேசையில் போட்டுப் பொறுக்கி எடுக்க வேறு ஆட்களை வைத்திருக்கிறார். அநியாயத்தையும் அப்படியே பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் புட்டியில் அடைக்கிறார்கள். மிச்சம் இருப்பது ருசி. அது நல்ல ருசி. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இத்தனை நாள் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? நல்லபடி நடத்தி நல்ல வைன் செய்துவிட்டால் போதும், ஊர் குடித்துப் பார்த்துப் புரிந்துகொள்ளும், ஒன்றும் பேசவே வேண்டாம் என்று. வைனே எனக்காகப் பேசும் என்று. நானும் அந்தக் குவளை சுழற்றுகிறவர்களில் ஒருத்தன்தான். என் வைனுக்கு வாய் கிடையாது. எனக்குத்தான் இருக்கிறது. அந்த வாயைச் சங்கத்தில் திறக்க எனக்கு ஊர்ப் பெயர் வேண்டும்.

ஆனாலும் செம்பு ஊற்றக் கை வரவில்லை. யோசிக்கிறேன்.

லாஸார்


மோர்வினி
20 பிப்ரவரி 2025

அன்புள்ள லாஸார்,

எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. உனக்கும் தெரியாமல் போகும் என்று எதிர்பார்த்தேன் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் மறு சுவைப் பரிசோதனையில் நான் உட்கார மாட்டேன் என்று குழுவுக்கு எழுதிவிட்டேன். காரணம் கேட்டார்கள். ஜலதோஷம் என்றேன், ஏப்ரலில் ஜலதோஷம் வரும் என்று பிப்ரவரியில் எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. ஆன்செல்ம் நேற்றுச் சாப்பாட்டின்போது, இந்த வருஷமும் அதே கான்ட்ராக்டரிடம் கையெழுத்துப் போட வேண்டும், சீக்கிரம் போட்டால் நல்ல ஆட்கள் கிடைப்பார்கள் என்றார். "நல்ல ஆளுங்கன்னா?" என்று கேட்டேன். "விழாத ஆளுங்க" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். உப்பை எடுத்துக் கொடுத்தேன். 

உன்னிடம் சொல்லவில்லையே என்று இருந்தது. சொல்லிவிட்டேன்.

பெரின்


ரோஷ்மோர்
30 மார்ச் 2025

அக்கா,

ஊற்றிவிட்டேன்.

வைனைச் சோதிக்கிற பெண்ணை பியோன் நகரத்திலிருந்து வரவழைத்து, அளவு பார்த்து, அவள் முன்னாலேயே. நீலமாக ஒரு சொட்டு. அவ்வளவு பெரிய தொட்டியில் அது எங்கே போனது என்று கூடத் தெரியவில்லை. சில நாள் கழித்து வடிகட்டிக் குடித்தேன். எலுமிச்சை முதல் வாயிலேயே வருகிறது, காத்திருக்க வேண்டியதில்லை. கொட்டை இருக்கிறது, கல் இருக்கிறது, உப்பு இருக்கிறது. நல்ல வைன். தீக்குச்சி போய்விட்டது. அதோடு இன்னொன்றும் போய்விட்டது. அதற்கு என்னிடம் பெயர் இல்லை. நீ அன்று ஜன்னல் ஓரம் இரண்டாவது நாள் குடித்ததில் அது இருந்திருக்கும். அதைக் குடித்தது உலகத்தில் நீ ஒருத்திதான்.

டிரிஸாவிடம், நான் நினைத்தபடி செய்யவில்லை, விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். யாருக்கு விட்டுக்கொடுத்தாய் என்று கேட்டார். குழுவுக்கு என்றேன். கூடாரத்தில் கிடந்தபோது தான் ஆசைப்பட்டது கதவு இருக்கிற ஒரு அறைக்கு, யார் எந்த வைனைக் குடிக்கிறார்கள் என்பது தன் யோசனையிலேயே வந்ததில்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெட்டிய கொடிகளைக் கட்டு கட்டிக்கொண்டே சொன்னார்.

மாதிரிப் புட்டிகளை அனுப்பிவிட்டேன். பெயர் கிடைத்தால் மே மாதம் கூட்டத்தில் பார்க்கலாம். என் பக்கத்தில் உட்கார வேண்டாம். எதிரில் உட்கார். நான் பேசும்போது உன் முகம் தெரிய வேண்டும்.

லாஸார்


மோர்வினி
18 மே 2025

அன்புள்ள லாஸார்,

நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் நடந்திருக்காது.

தீர்மானம் தோற்றதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தூக்கிய கைகளை நீயும் எண்ணினாய். நம் பக்கம் குறைவு, மிகவும் குறைவு. ஆனால் ரகசிய வாக்கு வேண்டாம், கையைத் தூக்கச் சொல்லுங்கள் என்று நீ பிடிவாதம் பிடித்தது சரி. மோர்வினியில் யார் எந்தப் பக்கம் என்று இப்போது கண்ணாலேயே தெரிகிறது. குவளையில் தெரியாதது அங்கே தெரிந்தது. என் கையை நான் தூக்கியபோது ஆன்செல்ம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ என்னைப் பார்த்தாய். பார்த்தாய்தானே?

நீ போனதும் வழக்கப்படி இந்த வருஷம் பெயர் பெற்ற வைன்களை மேசைமேல் வைத்துத் திறந்தார்கள். உன்னுடையதும் இருந்தது. முதலில் அதை எடுத்தது கூர்த்வோதான். ஊற்றி, சுழற்றி, மோந்து, குடித்துவிட்டு என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"பாத்தியா பெரின், தம்பி வழிக்கு வந்துட்டான். இதுதாம்மா மோர்வினி. போன தடவ என்னவோ முட்டைய போட்டு வச்சிருந்தானாமே."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் குவளையிலும் ஊற்றினார். நான் குடிக்கவில்லை.

"உங்க ஆளுங்க இந்த செப்டம்பர்ல எங்க படுப்பாங்க?" என்று கேட்டேன்.

தீர்மானம்தான் முடிந்துவிட்டதே என்றார். தீர்மானத்தைப் பற்றிக் கேட்கவில்லை, உங்கள் ஆட்களைப் பற்றிக் கேட்கிறேன் என்றேன்.

"அதெல்லாம் கான்ட்ராக்டர் பாத்துப்பாரு."

"நானும் மூணு வருஷமா அதையேதான் சொல்லிட்டிருந்தேன். எங்க படுப்பாங்க?"

"குடிக்கிற எடத்துல என்னம்மா இது."

"சொல்லுங்க. அப்புறம் குடிக்கலாம்."

 யாரும் குடிக்கவில்லை. உன் வைன் எல்லோர் கையிலும் சூடாகிக்கொண்டிருந்தது. பதில் வரும் வரை நிற்பது என்று நான் நின்றேன். கடைசியில் அவர் குவளையை வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். பதில் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி காதில் விழாதவர்கள் இனி இந்த ஊரில் யாரும் இல்லை.

கான்ட்ராக்டரின் தாளை நான் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். ஆன்செல்ம் கூட்டத்துக்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பேசுவார், அவருக்கும் செப்டம்பரில் பழம் பறிக்க வேண்டுமே. பறிக்கிறவர்களை நானே, ஒவ்வொருவரையும் அவரவர் பெயரில், நேராக வேலைக்கு எடுக்கப்போகிறேன். முன்னால் நின்று மற்றவர்களைக் கூட்டி வர ஒருவர் வேண்டும். டிரிஸா வருவாரா என்று யோசித்தேன். என் வரிசையில் விழுந்தவர் மறுபடி அங்கே எதற்கு வர வேண்டும் என்றும் யோசித்தேன். கேட்டால்தானே தெரியும்.

நேற்று ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "டிரிஸா" என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அவருடைய முழுப் பெயர் எனக்குத் தெரியவில்லை. ஒரு குவளையில் ஒரு சரிவையே கண்டுபிடிக்கிற நாக்கு என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். என் கொடிகளுக்கு நடுவில் அறுவடை முழுக்கக் குனிந்து நின்ற மனிதரின் பெயரை நான் கேட்டதே இல்லை.

உன்னிடம் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன். அது சரியில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நானே வருகிறேன். அவர் வீட்டில் இருப்பாரா என்று மட்டும் கேட்டுச் சொல். என்னைப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுது.

பெரின்